தாடி ஐரிசும் எங்கள் வேலிக் கார்த்திகைப்பூவும்

தாடி ஐரிஸ் என்ற குளிர்நாட்டுப் பூச்செடி எங்கள் வடஇலங்கை வன்னியில் பூக்காது. கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ லீவுக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது "இதை ஊரில் வைத்துப் பார்த்தால் என்ன" என்று கேட்டபடியே இருப்பதால் இதை முதலில் சொல்லி வைக்கிறேன். இலை வரும். கொஞ்சக் காலம் பச்சையாகவும் நிற்கும். பூ மட்டும் வராது. அந்தக் கிழங்கு மொட்டுக் கட்ட வேண்டுமென்றால் நல்ல குளிர்காலம் ஒன்றைத் தாண்டி வந்திருக்க வேண்டும். எங்களுக்கோ மார்கழிக் கூதலில், விடியப்புறத்தில்கூட 20 பாகையை ஒட்டித்தான் இறங்கும். போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. வெயிலில் முதுகு காயக் கிடக்க விரும்புகிற கிழங்கு அது. எங்கள் மண் நாட்கணக்கில் ஊறிக் கிடக்கும்போது அது அழுகாமல் என்ன செய்யும்?

என் தங்கச்சி கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறாள். அவள் வீட்டு முன்பக்கத்தில், முந்திய வீட்டுக்காரர் நட்டுவிட்டுப் போன ஐரிஸ் வரிசை ஒன்று உண்டு. ஒருநாள் போனில் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டாள். "அண்ணா, இந்தக் கிழங்கில நாலைஞ்சு கொண்டு வரட்டே? அம்மான்ரை கிணத்தடியில வைச்சால் வடிவா இருக்கும்." அது முதலாவது. அடுத்தது: "இது நஞ்சாமே? பக்கத்து வீட்டு மனுசி சொன்னவ. சின்னவன் கண்டதையும் வாயில வைக்கிறான். பிடுங்கி எறியட்டே?"

அங்கே பிடுங்கி எறிய யோசிக்கிற சாமானை இங்கே கொண்டு வந்து நடக் கேட்கிறாள் என்று அம்மா பக்கத்தில் இருந்து சிரித்தார்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி எடுக்காமல் கிழங்கு, வேர், மண் ஒன்றையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் சூட்கேசைத் திறந்தால் எடுத்துவிடுவார்கள். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், வட அமெரிக்க ஐரிஸ்களுக்கு ஒரு துளைப்பான் புழு உண்டு. இலையுதிர் காலத்தில் அந்துப்பூச்சி இலையில் முட்டை வைக்கும். இளவேனிலில் புழு பொரித்து, இலையைக் குடைந்து இறங்கிக் கிழங்குக்குள் குடியேறும். பின்னால் பக்டீரியா அழுகல் வந்து கிழங்கே கூழாகி நாறும். வெளியிலிருந்து வந்த ஒரு புழு என்ன செய்யும் என்று 2018 கடைசியில் சேனா படைப்புழு சோளத்துக்குள் இறங்கியபோது நாங்கள் பார்த்தோம். ஐரிஸ் புழு அங்கேயே சுகமாக இருக்கட்டும்.

அதற்காக அந்தச் செடியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு ஆனி மாதத்தில் தங்கச்சியிடம் போயிருந்தபோது கிட்டக் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு இதழ். மூன்று மேல்நோக்கி நின்று ஒன்றோடொன்று சாய்ந்திருக்கும், மூன்று வெளியே வளைந்து தொங்கும். தொங்குகிற ஒவ்வொரு இதழின் நடுவிலும் மஞ்சள் மயிர் ஒரு கீற்றாக அடர்ந்திருக்கும். தாடி என்பது அதுதான். தேனீ அந்த மயிரில் கால் ஊன்றி உள்ளே ஏறும்போது, மேலே கூரையாக வளைந்திருக்கிற சூல்தண்டின் மெல்லிய உதடு அதன் முதுகைச் சுரண்டும். முந்திய பூவில் ஒட்டி வந்த மகரந்தத்தை அது வழித்து எடுத்துக்கொள்ளும். அதற்கு அப்பால்தான் இந்தப் பூவின் சொந்த மகரந்தம். உள்ளே போகும்போது கொடுத்துவிட்டுப் போ, திரும்பும்போது வாங்கிக்கொண்டு போ என்ற ஏற்பாடு. ஊதா இதழுக்குள் ஒரு தேனீ அரையுடம்போடு நுழைந்து பின்னங்கால் மட்டும் வெளியே தெரிய உழைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தங்கச்சி தேத்தண்ணி ஆறுது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

ஒரு பூ சில நாள்தான் நிற்கும். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் ஆனி நடுவோடு வரிசையே ஓய்ந்துவிடும். பிறகு வருடம் முழுக்க வாள் வாளாக இலைதான். அந்த ஊர் ஆட்கள் இதற்காகவே ஒரு பாத்தி ஒதுக்குகிறார்கள். கிழங்கைப் பார்த்தால் இஞ்சியை மண்ணுக்கு மேல் கிடத்தி வைத்தது மாதிரி இருக்கும். பாதி புதைந்து, பாதி வெயிலில். புதிதாக நடுகிறவர்கள் மண்ணை அள்ளி மூடிவிட்டு, பிறகு ஏன் பூக்கவில்லை என்று கேட்பார்களாம். மூன்று நாலு வருடத்துக்கு ஒருக்கால் ஆடி, ஆவணியில் கிண்டி எடுத்து, கிழட்டுத் துண்டை எறிந்துவிட்டு, ஒரு விசிறி இலையோடு இருக்கிற இளந்துண்டை மட்டும் திரும்ப நட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

சரி, நஞ்சுக்கு வருவோம். ஐரிஸ் நஞ்சுதான். செடி முழுக்க உண்டு, கிழங்கில் அதிகம். கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், எச்சில் வடியும், வயிற்றைப் பிசைந்து வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நாய், பூனை, ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் இதே கதை. கிழங்கு பிரிக்கும்போது சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சிவக்கும், அதனால் கையுறை நல்லது. மானும் முயலும் அதைத் தொடாமல் போவதும் இந்தக் குணத்தால்தான். ஆனால் ஆளைச் சாய்க்கிற வகை இல்லை. எரிச்சலும் கசப்பும் சேர்ந்திருப்பதால் ஒரு குழந்தை ஒரு கடிக்கு மேல் போவது கடினம். "பிடுங்கத் தேவையில்லை. கிழங்கு வெளியே தெரிகிற இடத்தில் சின்னவனைத் தனியே விடாதே. கடித்துவிட்டால் வாயைக் கழுவிவிட்டு, உங்கள் ஊர் நஞ்சுத் தகவல் நிலையத்துக்குப் போன் போடு" என்றேன்.

அதோடு விடாமல், "நாங்கள் வளர்ந்த வளவை ஒருக்கால் நினைத்துப் பார்" என்றும் சொன்னேன். கேற்றடியில் சாமிக்குப் பூ ஆய செவ்வலரி. வேலியோரம் மஞ்சள் அலரி. கோடிப்பக்கம் ஆமணக்கு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஊமத்தையும் எருக்கலையும். கதியால்களுக்கு இடையில் குண்டுமணிக் கொடி. மாரி வந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டு கார்த்திகைப்பூ என்கிற காந்தள். அடுப்பில் மரவள்ளி. இந்த வளவுக்குள் ஐரிசைக் கொண்டு வந்து வைத்தால், அதுதான் அங்கே இருக்கிற எல்லாவற்றிலும் சாதுவான செடி.

ஒரு செடிக்கு "நஞ்சு" என்று ஒட்டிவிட்டுப் பிடுங்குகிற பழக்கமும் எனக்குச் சரியாகப் படவில்லை, "எங்கள் மூதாதையருக்கு எல்லாம் தெரியும்" என்று இருந்துவிடுகிற பழக்கமும் சரியாகப் படவில்லை. எந்த உறுப்பு, எந்தக் காலம், யார் கைக்கு எட்டும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும், எந்தச் செடியோடும் குடியிருக்கலாம். ஐரிஸ் கிழங்கை ஐரோப்பியர் கையாண்ட விதமே அதற்கு நல்ல உதாரணம்.

இத்தாலியில், புளோரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள மேடுகளில், வெளிர்நீல ஐரிஸ் ஒன்றை அதன் கிழங்குக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த நகரத்தின் சின்னமே ஒரு சிவப்பு ஐரிஸ். நட்டு இரண்டு மூன்று வருடம் கழித்துக் கிண்டி, தோலைச் சீவி, துண்டாக்கிக் காயவைப்பார்கள். பச்சைக் கிழங்கில் சொல்லும்படியாக ஒரு வாசமும் இல்லை. காய்ந்ததை மூட்டை கட்டி இன்னும் சில வருடம் அப்படியே போட்டு வைக்க வேண்டும். காற்றுப் பட்டுப் பட்டு உள்ளே இருக்கிற கொழுப்புச் சேர்மங்கள் மெல்ல மாறி ஐரோன் என்ற வாசப்பொருளாகும். வயலட் பூவின் வாசம். விலையுயர்ந்த செண்டுகளில் இருக்கிற பவுடர் மாதிரியான அந்த மென்மை இதிலிருந்துதான் வருகிறது. டன் கணக்கில் கிழங்கு போட்டால் கிலோக் கணக்கில்தான் சாரம் கிடைக்கும் என்பதால் விலையைக் கேட்கக்கூடாது. ஜின் வடிக்கிறவர்களும் மற்ற மூலிகை வாசங்களைப் பிடித்து வைக்க இதைத்தான் போடுகிறார்கள். நடுக்கால ஐரோப்பாவில் ஊதாப் பூவின் சாற்றில் படிகாரம் கலந்து, கையெழுத்துச் சுவடிகளுக்குப் பச்சை வர்ணம் எடுத்தார்கள். ஊதாவிலிருந்து பச்சை!

இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. பல் முளைக்கிற குழந்தைக்குக் கடிக்கக் கொடுப்பதற்கென்று, காய்ந்த ஐரிஸ் கிழங்கை விரல் நீளத்துக்குச் செதுக்கி ஐரோப்பாவில் விற்றிருக்கிறார்கள். இதைக் கேட்ட உடனே எந்தத் தமிழ் ஆச்சிக்கும் வசம்பு ஞாபகம் வரும். வசம்பின் இலையும் வாள் இலைதான், கிழங்கும் மண்ணோடு படுத்துக் கிடக்கிற கிழங்குதான். பூ இல்லாத நேரத்தில் சதுப்பில் வளரும் மஞ்சள் ஐரிசையும் வசம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆட்கள் தடுமாறுவார்கள், சொந்தமோ இரண்டுக்கும் தூரம். எங்கள் வீட்டிலும் விளக்கில் சுட்ட வசம்பைக் கல்லில் உரசிப் பிள்ளையின் தொப்புளைச் சுற்றித் தடவினார்கள், நாக்கிலும் ஒரு துளி வைத்தார்கள். தொப்புளில் தடவுவதோடு நிறுத்தியிருக்கலாம். வசம்பெண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கைக்குழந்தையின் வாய்க்குள் வசம்பு வைக்க வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆச்சி இருந்தால் என்னோடு சண்டை பிடிப்பார்.

ஐரிஸ் குடும்பத்தில் நாங்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்குகிற ஒன்றும் இருக்கிறது. குங்குமப்பூ. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் போட்டுக் கொடுக்கிற அதே சிவப்பு இழை. ஐரோப்பியப் புல்வெளிகளில் அதைப் போலவே தோற்றமுள்ள இன்னொரு பூ இலையுதிர் காலத்தில் பூக்கும். தோற்றம் குங்குமப்பூ, குடும்பம் கார்த்திகைப்பூ. அந்தப் பூவிலும் கார்த்திகைப்பூவிலும் ஒரே நஞ்சு, கொல்சிசின். அதன் இலையைக் காட்டுப் பூண்டு என்று நினைத்துப் பறித்துச் சமைத்து ஐரோப்பாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மருந்துக் கடையும் கம்பியூட்டரும் நிறைந்த நாட்டிலேயே இலை மாறிப் போகிறது என்றால், எங்கள் காணிகளில் கிழங்கு மாறிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

கார்த்திகைப்பூவுக்கு வந்துவிட்டோம். ஐரிசைப் பற்றி எழுதப்போய் மனம் இதிலேதான் வந்து நிற்கிறது.

கோடை முழுக்க அது இருப்பதே தெரியாது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும் வேலியடியில் ஒரு முளை கிளம்பும். இலை நுனி ஒவ்வொன்றும் நீண்டு சுருண்டு ஒரு பிடியாக மாறும். கதியால், முள்ளுக்கம்பி, பக்கத்துச் செடியின் காம்பு, எது கிடைத்தாலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே போகும். மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரிகிறபோது இதழ்கள் கீழே பார்க்காமல் மேல்நோக்கி மடிந்து எழும், விளிம்பெல்லாம் நெளிநெளியாக. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் சிவப்பு, நாளாக நாளாகச் சிவப்பு அடி வரைக்கும் இறங்கி மஞ்சளை முழுக்க விழுங்கிவிடும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் நிற்பது இதனால்தான். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் விலகி நிற்கிற நிலை அது.

இந்தப் பூ தமிழ்நாட்டின் மாநிலப் பூ, ஜிம்பாப்வேயின் தேசியப் பூ. வன்னியில் அதற்கு இன்னொரு பாரமும் உண்டு. விடுதலைப் புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். கார்த்திகை மாதம் இங்கே இறந்தவர்களை நினைக்கிற மாதம், அந்த மாதத்தில்தான் அது பூக்கிறது. சட்டையில் குத்தினால், ஒரு அலங்காரத்தில் அதன் வடிவத்தை வைத்தால் விசாரணை வந்த காலத்தையும் பார்த்திருக்கிறோம். வேலியில் தானாக முளைத்ததைக்கூட வெட்டிவிடலாமா என்று யோசித்த வீடுகள் உண்டு. காஷ்மீரில் கல்லறைகளுக்கு மேல் ஐரிஸ் நடுவார்கள். அங்கே அதை யாரும் எதற்கு நட்டாய் என்று கேட்பதில்லை.

பூவைவிடக் கிழங்கைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். தை, மாசியில் கொடி காய்ந்து, தண்டு உதிர்ந்து, மேலே ஒரு அடையாளமும் இல்லாமல் போய்விடும். இராசவள்ளி கிண்டுகிற காலமும் அதுதான். மண்வெட்டி போடுகிற இடத்தில் மண்ணிறத் தோலோடு, உள்ளே வெள்ளையாக, வழுவழுப்பான ஒரு கிழங்கு வரும். இரண்டு கவராகப் பிரிந்து கலப்பை வடிவில் இருக்கும், கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். ஒரு கவர் உடைந்து வந்துவிட்டால் வடிவமும் தெரியாது. காட்டுக் கிழங்கு, வத்தாளை என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது.

மீளக் குடியேறிய காலத்தில் இதை நான் கண்ணால் உணர்ந்தேன். வருடக்கணக்காக ஆள் இல்லாத வளவுகளில் பற்றை மண்டி, இடிந்த சுவர்களில் கார்த்திகைப்பூ ஏறி நின்றது. முகாமில் வளர்ந்து வந்த பிள்ளைகளுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்றால் என்னவென்று தெரியும். மிதிவெடி, கிட்டப் போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த வேலியில் இருந்த எந்தக் கொடியின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றும் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆச்சிமார் பலர் திரும்பி வரவில்லை. வந்தவர்களுக்கும் கூரை, கிணறு, நிவாரணம் என்று நூறு வேலை.

கொல்சிசின் என்ன செய்கிறது? உடம்பின் கலங்கள் பிரிந்து பெருகுகிற வேலையை நிறுத்துகிறது. அதனால் வேகமாகப் பெருகுகிற இடங்கள் முதலில் அடிபடும். சில மணித்தியாலம் ஒன்றும் இருக்காது. பிறகு தொண்டை எரிச்சல், வாந்தி, நிற்காத வயிற்றோட்டம். அடுத்த நாட்களில் எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாவது நிற்கும், சிறுநீரகம், இதயம் எல்லாம் தளரும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு திரும்ப முளைக்கும். கையில் எடுத்துக் கொடுக்க மாற்று மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் செய்வதெல்லாம் உடம்பு தாக்குப்பிடிக்கும்வரை தாங்கிப் பிடிக்கிற வைத்தியம்தான்.

இதே பொருளைப் பிரெஞ்சு வேதியியலாளர் பெலத்தியேவும் கவாந்துவும் 1820இல் பிரித்தெடுத்தார்கள். முடக்குகிற கீல்வாத வலிக்கு, கால் பெருவிரல் வீங்கி நித்திரை இல்லாமல் துடிக்கிறவர்களுக்கு, மிகச் சிறிய குளிசையாக வைத்தியர் எழுதிக் கொடுப்பது இதைத்தான். 2023இல் அமெரிக்காவில் இதய நோய் ஆபத்தைக் குறைக்கவும் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இதில் இருக்கிற இடைவெளி மிகக் குறுகல். வீட்டில் அரைத்துக் குடிக்கிற கை மருந்து இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு என்று இந்தக் கிழங்கைச் சிபாரிசு செய்கிற யூடியூப் வைத்தியர்கள் இப்போது கூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர், கரூர்ப் பக்கம் இது பணப்பயிர். ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். விற்பது விதையை. மருந்துக் கம்பனிகளுக்கு ஏற்றுமதியாகும், நல்ல வருடத்தில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய் போகும். சூல்தண்டு விலகி நிற்கிறதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் ஆட்கள் வயலுக்குள் இறங்கி, பூப் பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டு போவார்கள். வன்னியில் நாங்கள் கத்தி எடுத்து வெட்டுகிற கொடியை அங்கே பெண்கள் கூலிக்குத் தொட்டுத் தொட்டு வளர்க்கிறார்கள்.

கலப் பிரிவை நிறுத்துகிற அதே குணத்தால் பூக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு கருவி கிடைத்தது. 1937இல் கண்டுபிடித்தார்கள்: முளைக்குக் கொல்சிசின் பூசினால், கலத்துக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற நிறமூர்த்தங்கள் இரட்டித்துவிடும், கலம் மட்டும் பிரியாது. இரட்டித்த செடியையும் சாதாரணச் செடியையும் சேர்த்துத்தான் விதையில்லாத வத்தகப்பழம் உண்டாக்கினார்கள். இன்றைக்குத் தோட்டங்களில் இருக்கிற பெரிய பூ டேலில்லிகளில் பல இப்படி வந்தவை. உயரத் தாடி ஐரிஸ்களும் இரட்டித்த வகைதான், அவற்றுக்கு அது கலப்பினாலே தானாக நடந்தது. அந்த அகன்ற, தடித்த இதழுக்குக் காரணம் அதுதான்.

அலரியைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. மஞ்சள் அலரியின் விதை இதயத் துடிப்பைக் குழப்பிவிடுகிற நஞ்சு. 1980களிலிருந்து வடக்கில் அது எத்தனை குடும்பங்களை அழ வைத்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்று மருந்து உண்டு. இலங்கையிலேயே ஆராய்ந்து 2000இல் நிரூபித்தார்கள், ஆனால் விலை அதிகம் என்பதால் எப்போதும் கையில் இருப்பதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டு வேலியில் அது வேண்டாம் என்பது என் முடிவு. மரத்தை வெட்டுவதோடு வேலை முடியாது என்பதும் தெரியும். மனம் கனத்துப் போனவர்கள் இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் கேட்கலாம், வீட்டில் உள்ளவர்களும் அந்த இலக்கத்தை வைத்திருங்கள்.

மரவள்ளியை ஏன் பட்டியலில் சேர்த்தேன் என்றால், அதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். அதன் கிழங்கில் சயனைட்டை வெளிவிடுகிற பொருள் இருக்கிறது. அப்படியிருந்தும் வன்னியில் அதைத் தின்று வளராத ஆள் யார்? தோலை உரி, நடு நரம்பை எடு, கிண்டிய உடனே சமை, நீலம் பாய்ந்ததை எறி, மூடாமல் அவி. அம்மா சட்டியைத் திறந்து வைத்துத்தான் அவிப்பார், முதல் தண்ணியை ஊற்றிவிடுவார். இஞ்சி சேர்க்கக் கூடாது என்பதும் உண்டு. அதற்கு என்ன விஞ்ஞானம் என்று கேட்டால் அடி விழும். ஒரு நஞ்சுக் கிழங்கை ஒரு சனமே தினமும் பயமில்லாமல் தின்ன முடிகிறது, காரணம் அதைப் பற்றிய விதிகள் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கின்றன. கார்த்திகைக் கிழங்குக்கு அப்படி ஒரு அடுப்படி விதி இல்லை, அது சாப்பாடு இல்லாததால்.

யாராவது தெரியாத கிழங்கையோ விதையையோ தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணி, புளித் தண்ணி எல்லாம் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போனால் அது இன்னொரு ஆபத்து. மிச்சம் இருக்கிற கிழங்கு, இலை, விதை எதையாவது ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு அதுதான் பாதி விடை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. ஆள் இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். கொல்சிசின் அந்த நேரத்தைத்தான் திருடுகிறது.

ஐரிஸ் மாதிரி ஒன்று வைத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு, அதே குடும்பத்தில் சூடு தாங்குகிற செடிகள் இருக்கின்றன. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி போட்ட சிறுத்தைப்பூ விதையிலிருந்தே வரும், கோடையில் தண்ணி காட்டினால் போதும். வெள்ளையும் நீலமும் கலந்து ஒரு நாள் மட்டும் பூத்து, பூத்த தண்டு சாய்ந்து அடுத்த கன்றை ஊன்றிக்கொண்டு நகர்கிற நடக்கும் ஐரிசும் அரை நிழலில் நிற்கும். நாற்றுமேடைக்காரரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள், பெயர் ஆளாளுக்கு மாறும்.

கார்த்திகைப்பூ எங்கள் வேலியில் இன்னும் நிற்கிறது, எடுக்கப் போவதில்லை. பின்வேலியில் கிணற்றுக்குத் தள்ளி ஒரு மூலைக்கு மட்டும் அதை விட்டிருக்கிறேன். அந்த மூலையைச் சுற்றிக் கல் வரிசை போட்டு, அதற்குள் இராசவள்ளியோ வத்தாளையோ ஒருபோதும் நடுவதில்லை, கிண்டுவதும் இல்லை. பூ முடிந்து காய் பிடித்தால் அது வெடித்துச் செம்மணி விதைகள் வெளியே தெரிய முன்னம் வெட்டி எரித்துவிட வேண்டும், பிள்ளைகளின் கண்ணில் படுவது அந்தச் சிவப்புத்தான். வெட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேறு இடத்தில் முளை கண்டால் மாரி முடிய முன்னம், இலை இருக்கும்போதே கிழங்கோடு கிண்டி எடுத்து மூலைக்கு மாற்றிவிடுங்கள். தை பிறந்தால் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.